சாதா முட்டை 7 ரூபாய், பெட்டி முட்டை 15 ரூபாய்: கூடுதல் காசுக்கு உள்ளே என்னதான் இருக்கு?

அம்பத்தூர் ஓ.டி., ஆவடி மார்க்கெட், பூந்தமல்லி டிரங்க் ரோடு என எங்கே போனாலும் இப்போது முட்டை இரண்டு விதமாக விற்கிறது. அண்ணாச்சி கடை வாசலில் அட்டையில் அடுக்கி வைத்த வெள்ளை முட்டை ஒரு பக்கம். அதே தெருவில் இருக்கும் சூப்பர் மார்க்கெட்டில் ஆறு ஆறாகப் பெட்டி போட்டு, புல்வெளியில் கோழி மேயும் படம் அச்சடித்த முட்டை இன்னொரு பக்கம். மொபைல் ஆப்பில் ஆர்டர் போட்டால் முதலில் கண்ணில் படுவதும் பெரும்பாலும் இந்த இரண்டாவது ரகம்தான்.

சாதா முட்டை ஒன்று 7 ரூபாய் என்றால், பெட்டி முட்டை 13-லிருந்து 18 ரூபாய் வரை போகிறது. 'ஃப்ரீ ரேஞ்ச்', 'ஆர்கானிக்' என்று போட்டிருந்தால் 20 ரூபாயைத் தாண்டும். கடைக்குக் கடை, வாரத்துக்கு வாரம் இந்த விலை மாறும். ஆனால் 'இரண்டு மடங்கு' என்ற இடைவெளி மட்டும் பெரிதாக மாறுவதில்லை.

அப்படியானால் அந்த முட்டையில் சத்தும் இரண்டு மடங்கா? இல்லை. புரதம் என்று பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். ஆனால் 'எல்லாமே ஏமாற்று' என்று ஒதுக்கிவிடவும் முடியாது. சில பெட்டிகளில் காசுக்கு உண்மையிலேயே ஏதோ ஒன்று கிடைக்கிறது. அது எந்தப் பெட்டி, யாருக்கு என்பதுதான் கேள்வி.

முதலில் வீட்டுக் கணக்கு

நான்கு பேர் உள்ள குடும்பம், ஆளுக்குத் தினம் ஒரு முட்டை என்று வைத்துக்கொள்வோம். மாதம் 120 முட்டை. 7 ரூபாய் முட்டை வாங்கினால் 840 ரூபாய். 15 ரூபாய் முட்டை வாங்கினால் 1,800 ரூபாய். வித்தியாசம் 960 ரூபாய்.

சரி, 960 ரூபாய்தானே என்று சிலர் சமாளித்துவிடுவார்கள். சிக்கல் அங்கே இல்லை. நிறைய வீடுகளில் முட்டைக்கு என்று ஒதுக்கும் காசு மாறாது, எண்ணிக்கைதான் குறையும். அதே 840 ரூபாய்க்குப் பெட்டி முட்டை வாங்கினால் 56 முட்டைதான் வரும். அதாவது ஆளுக்கு இரண்டு நாளைக்கு ஒன்றுகூட முழுசாகக் கிடைக்காது. குழந்தைக்கு மட்டும் 'நல்ல முட்டை', பெரியவர்களுக்கு முட்டையே இல்லை என்ற நிலைக்கு வீடு வந்துவிடும். அப்படி விட்டுக்கொடுப்பவர் பெரும்பாலும் அம்மாவாகத்தான் இருப்பார்.

50 கிராம் எடையுள்ள ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் ஐசிஎம்ஆரும் 2020-ல் வெளியிட்ட பரிந்துரைப்படி, வளர்ந்த ஒருவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் தினமும் தேவை. 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு ஏறக்குறைய 46 கிராம். கர்ப்பிணி என்றால் கடைசி மூன்று மாதங்களில் அதோடு இன்னும் 22 கிராம் கூட வேண்டும். இட்லி, சாதம், குழம்பு என்று ஓடும் ஒரு நாளில் இந்த 22 கிராமைக் கண்டுபிடிப்பது சுலபமில்லை. அந்த இடத்தில் 15 ரூபாய் முட்டை ஒன்றைவிட, 7 ரூபாய் முட்டை இரண்டுதான் உதவும்.

அந்த 7 ரூபாய் முட்டை எங்கிருந்து வருது?

பெரும்பாலும் நாமக்கல்லில் இருந்து. அங்கிருந்து அம்பத்தூருக்கு ஏறக்குறைய 370 கிலோமீட்டர். ராத்திரி லாரி ஏறினால் காலையில் சென்னை. நாமக்கல் பண்ணை விலையை அறிவிப்பது என்இசிசி எனப்படும் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு. 1982-ல் தொடங்கப்பட்ட அமைப்பு இது. பண்ணை விலையோடு லாரி வாடகை, உடைசல், மொத்த வியாபாரி, சில்லறைக் கடை எல்லாம் சேர்ந்துதான் நம் கைக்கு வரும் விலை.

புரட்டாசியில் விலை இறங்கும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். ஆனால் பனிக்காலம் வந்தால் வட மாநிலங்களில் தேவை கூடும், கிறிஸ்துமஸ் கேக் வேலையும் சேரும், விலை மறுபடி ஏறிவிடும். 2025 கடைசியில் நாமக்கல் பண்ணை விலையே 6 ரூபாயைத் தாண்டியது. அப்போதுதான் நிறைய பேர் 'இவ்வளவு கொடுக்கிறதுக்கு இன்னும் கொஞ்சம் போட்டு பெட்டி முட்டையே வாங்கிடலாமே' என்று யோசிக்க ஆரம்பித்தார்கள்.

ஒமேகா-3 முட்டை: இதில் விஷயம் இருக்கு, ஆனால்...

முட்டையில் எதை மாற்ற முடியும், எதை மாற்ற முடியாது என்பதைப் புரிந்துகொண்டால் பாதி லேபிள்களை நாமே படித்துவிடலாம். கோழி எந்தத் தீவனம் தின்றாலும் முட்டையின் புரதம் பெரிதாக மாறாது. கொலஸ்ட்ராலும் அப்படித்தான். ஒரு முட்டைக்கு சுமார் 185 மில்லிகிராம், கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். ஆனால் கொழுப்பின் வகை மாறும். விட்டமின் டி, விட்டமின் இ, செலினியம், அயோடின் போன்றவையும் தீவனத்தைப் பொறுத்துக் கூடும், குறையும். கோழி தின்பதில் ஒரு பங்கு மஞ்சள் கருவில் வந்து சேர்கிறது, அவ்வளவுதான்.

ஆளி விதை, மீன் எண்ணெய், பாசி ஆகியவற்றைத் தீவனத்தில் கலந்தால் மஞ்சள் கருவில் ஒமேகா-3 ஏறுகிறது. இது விளம்பரக் கதை இல்லை, நிரூபணமான விஷயம். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்திலேயே இப்படி தீவனத்தை மாற்றி உருவாக்கும் 'டிசைனர் முட்டை' பற்றி ஆய்வுகள் நடந்திருக்கின்றன.

ஒரு சாதா முட்டையில் டிஹெச்ஏ என்ற ஒமேகா-3 வகை சுமார் 30 மில்லிகிராம் இருக்கும். நன்றாகத் தயாரித்த ஒமேகா முட்டையில் 100 மில்லிகிராமைத் தாண்டலாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 100 கிராம் மத்தி மீனில் ஒமேகா-3 ஒரு கிராமுக்கு மேல் இருக்கும். 100 மில்லிகிராம் எங்கே, 1,000 மில்லிகிராம் எங்கே! வாரம் ஒருமுறை மத்தியோ கானாங்கெளுத்தியோ குழம்பு வைக்கும் வீட்டுக்கு ஒமேகா முட்டை தேவையே இல்லை.

மீன் சாப்பிடாதவர்கள், 'முட்டை மட்டும் ஓகே' என்று இருக்கும் வீடுகள், வாடை பிடிக்காத கர்ப்பிணிகள் ஆகியோருக்குக் கதை வேறு. அவர்களுக்கு இந்தப் பெட்டி உண்மையிலேயே பயன்படலாம். வாங்கும்போது ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். 'ஒமேகா-3' என்று பொதுவாகப் போட்டிருக்கிறதா, அதில் டிஹெச்ஏ எவ்வளவு என்று தனியாகப் போட்டிருக்கிறதா? ஆளி விதையில் இருந்து வரும் ஏஎல்ஏ என்ற வகையும் ஒமேகா-3 தான். ஆனால் நம் உடம்பு அதில் கொஞ்சத்தை மட்டும்தான் டிஹெச்ஏ-வாக மாற்றும்.

இன்னொரு சின்ன தந்திரம். பெட்டியில் உள்ள சத்து அட்டவணை பல நேரம் '100 கிராமுக்கு' என்று இருக்கும். 100 கிராம் என்றால் இரண்டு முட்டை. '12 கிராம் புரதம்' என்று பார்த்துவிட்டு ஒரு முட்டையில் 12 கிராம் என்று நினைத்துக்கொள்பவர்கள் நிறைய. சாதா முட்டை இரண்டைச் சேர்த்தாலும் அதே 12 தான்.

ஆரஞ்சு கரு, பழுப்பு ஓடு: கலருக்குக் காசா?

உடைத்தால் மஞ்சள் கரு ஆரஞ்சாக இருந்தால் 'ஆஹா, சத்தான முட்டை' என்று தோன்றும். அந்தக் கலர் தீவனத்தில் இருக்கும் கரோட்டினாய்டு நிறமிகளால் வருவது. மக்காச்சோளம் அதிகம் தின்றால் மஞ்சள் கூடும். செண்டுமல்லிப் பூவில் இருந்து எடுக்கும் நிறமியைத் தீவனத்தில் கலந்தால் ஆரஞ்சு வரும். எவ்வளவு ஆரஞ்சு வேண்டும் என்று முன்கூட்டியே முடிவு பண்ணிக் கலக்க முடியும். பெயின்ட் கடையில் இருப்பது மாதிரி, கருவின் நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கலர் விசிறியே பண்ணைத் தொழிலில் இருக்கிறது. மேய்ச்சலில் புல், கீரை தின்னும் கோழியின் கருவும் ஆரஞ்சாகத்தான் இருக்கும். ஆனால் கலரை மட்டும் பார்த்து எது மேய்ந்த கோழி, எது பூப்பொடி தின்ற கோழி என்று சொல்லவே முடியாது.

ஓட்டின் நிறம் கோழியின் இனத்தைப் பொறுத்தது. பழுப்பு முட்டை இடும் இனங்கள் பொதுவாக உடம்பில் கொஞ்சம் பெரிசு, தீனியும் அதிகம் தின்னும். விலை கூடுவதற்கு அது ஒரு காரணம். உள்ளே இருக்கும் சத்துக்கும் ஓட்டின் நிறத்துக்கும் சம்பந்தமில்லை.

நாட்டுக்கோழி முட்டையில்தான் இந்தக் கலர் நம்பிக்கை காசு பார்க்கிறது. வெள்ளை முட்டைக்குச் சாயம் ஏற்றி 'நாட்டு முட்டை' என்று விற்றதை உணவுப் பாதுகாப்புத் துறையினர் பறிமுதல் செய்த சம்பவங்கள் கோவைப் பக்கம் நடந்திருக்கின்றன. ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தால் சாயம் ஒட்டுகிறதா என்று பார்க்கலாம். அதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. வீட்டுக் கொல்லையில் மேயும் அசல் நாட்டுக்கோழி வருஷத்துக்கு 60, 80 முட்டை இட்டால் பெரிசு. பண்ணையில் உள்ள லேயர் கோழியோ 300-க்கு மேல் இடும். நாட்டு முட்டை சின்னதாக, ஒன்றுக்கொன்று அளவு மாறி, நிறமும் கொஞ்சம் மாறித்தான் இருக்கும். ஒரு கடையில் தினமும் நூற்றுக்கணக்கில், எல்லாம் அச்சில் வார்த்த மாதிரி ஒரே சைஸில், ஒரே கலரில் இருந்தால் அது கொல்லைப்புறக் கோழி இட்டது இல்லை. வனராஜா, கிராமப்பிரியா போன்ற மேம்படுத்தப்பட்ட இனங்களின் முட்டையாக இருக்கலாம். அதில் தப்பு ஒன்றும் இல்லை, ஆனால் 'அசல் நாட்டு' விலை கொடுக்க வேண்டிய அவசியமும் இல்லை.

'ஆன்டிபயாடிக் இல்லை' என்று போட்டிருந்தால் நம்பலாமா?

பெட்டி முட்டை வாங்குபவர்களில் பலர் சத்துக்காக வாங்குவதில்லை, பயத்தால் வாங்குகிறார்கள். அந்தப் பயத்துக்கே 2025 டிசம்பரில் ஒரு சோதனை வந்தது. ஒரு பிரீமியம் பிராண்டின் முட்டையை ஒரு யூடியூப் சேனல் ஆய்வகத்துக்கு அனுப்பியது. நைட்ரோஃபியூரான் என்ற, உணவுக்கான கால்நடைகளில் தடை செய்யப்பட்ட ஆன்டிபயாடிக் வகையின் எச்சம் அதில் தெரிந்ததாக வீடியோ வந்தது. 'முட்டை சாப்பிட்டால் கேன்சர்' என்று வாட்ஸ்அப் முழுக்க பரவியது.

டிசம்பர் 20-ம் தேதி, எஃப்எஸ்எஸ்ஏஐ எனப்படும் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் விளக்கம் கொடுத்தது. இந்தியாவில் கிடைக்கும் முட்டைகள் பாதுகாப்பானவை, முட்டையையும் புற்றுநோயையும் இணைத்துப் பேசுவதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்றது. நைட்ரோஃபியூரானுக்குக் கிலோவுக்கு 1 மைக்ரோகிராம் என்று ஒரு வரம்பு உண்டு. 'இவ்வளவு வரை பயன்படுத்தலாம்' என்பதற்கான அனுமதி இல்லை அது. ஆய்வகக் கருவியால் நம்பகமாகக் கண்டுபிடிக்கக்கூடிய குறைந்தபட்ச அளவு, கண்காணிப்புக்காக வைக்கப்பட்டது. மருந்துக்கான தடை அப்படியே இருக்கிறது.

இந்த விவகாரத்தில் நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. சர்ச்சையில் சிக்கியது அட்டை முட்டை இல்லை, விலை கூடிய பெட்டி முட்டை. பெட்டிமேல் எழுதுவதை எழுதலாம். உள்ளே அப்படித்தான் இருக்கிறதா என்பதை ஒவ்வொரு பேட்சுக்கும் யாராவது சோதித்து, அந்த முடிவைப் பொதுவில் வைத்தால்தான் அந்த வார்த்தைக்கு மதிப்பு. பேட்ச் எண்ணை வைத்து ஆய்வக அறிக்கையைப் பார்க்க முடியுமா என்று தேடுங்கள். அந்த வசதி தரும் பிராண்டுக்குக் கூடுதல் காசு கொடுப்பதில் அர்த்தம் உண்டு. வெறும் பச்சை இலை படத்துக்குக் கொடுப்பதில் இல்லை.

'ஹார்மோன் இல்லை' என்ற வரிக்குச் சுத்தமாகக் காசு கொடுக்க வேண்டாம். லேயர் கோழிகளுக்கு ஹார்மோன் ஊசி போடும் வழக்கமே கிடையாது. ஆயிரக்கணக்கான கோழிகளைப் பிடித்துப் பிடித்து ஊசி போடுவது எந்தப் பண்ணைக்கும் கட்டுப்படியாகாது. 'சைவத் தீவனம்' என்பதும் அப்படித்தான். கோழி புழு பூச்சி தின்னும் பிராணி. சைவத் தீவனம் தின்றதால் முட்டை உசத்தி ஆகிவிடாது.

கூண்டுக்கு வெளியே

சத்து, பயம் இரண்டையும் தாண்டி ஒரு காரணம் இருக்கிறது, அது கோழி. வழக்கமான பண்ணைகளில் லேயர் கோழிகள் வாழ்நாள் முழுக்கக் கம்பிக் கூண்டில்தான் இருக்கின்றன. 2023-ல் மத்திய அரசு கொண்டுவந்த முட்டைக்கோழி விதிகள், ஒரு கோழிக்குக் குறைந்தது 550 சதுர சென்டிமீட்டர் இடம் வேண்டும் என்கின்றன. நாம் ஜெராக்ஸ் எடுக்கும் ஏ4 தாள் 620 சதுர சென்டிமீட்டருக்கு மேல் வரும். அதாவது விதிப்படி கொடுக்க வேண்டிய இடமே ஒரு பேப்பரைவிடச் சின்னது.

கூண்டு இல்லாமல் வளர்த்தால் இடம் அதிகம் வேண்டும், ஆள் அதிகம் வேண்டும், முட்டை உடைசலும் கூடும். அதனால் விலை கூடுவது நியாயம்தான். 'கோழி கஷ்டப்படாமல் வந்த முட்டைதான் வேண்டும்' என்று ஒருவர் கூடுதல் காசு கொடுத்தால் அதைக் கேள்வி கேட்க எதுவும் இல்லை. ஆனால் 'கேஜ் ஃப்ரீ' என்றால் கூண்டு இல்லை என்பது மட்டும்தான். கொட்டகைக்குள் தரையில் ஆயிரக்கணக்கில் இருக்கலாம், வெயிலையே பார்க்காமலும் இருக்கலாம். வெளியே மேய விடுவது 'ஃப்ரீ ரேஞ்ச்'. அட்டைப் பெட்டியில் புல்வெளி படம் இரண்டிலும் இருக்கும். 'ஆர்கானிக்' என்றால் ஜைவிக் பாரத் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள், அதற்குத் தனி விதிமுறை உண்டு.

பழசா, புதுசா? இதுதான் பெரிய வித்தியாசம்

சாப்பிடும்போது நாக்குக்குத் தெரியும் வித்தியாசம் பெரும்பாலும் பிராண்டால் வருவது இல்லை, எத்தனை நாள் ஆச்சு என்பதால் வருவது. முட்டை ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உண்டு. நாள் ஆக ஆக ஈரம் வெளியே போய், உள்ளே காற்று சேரும். வெள்ளைக் கரு தண்ணியாகும். சித்திரை வெயிலில் எம்.டி.எச். ரோட்டோரக் கடை வாசலில் ஒரு நாள் இருக்கும் முட்டை, ஃபிரிட்ஜில் பல நாள் இருந்த முட்டையைவிட வேகமாகப் பழசாகிவிடும்.

இங்கே பெட்டி முட்டைக்கு ஒரு பாயின்ட் கொடுக்க வேண்டும். அதில் தேதி இருக்கும், எஃப்எஸ்எஸ்ஏஐ உரிம எண் இருக்கும், பிரச்சினை என்றால் கேட்க ஒரு முகவரி இருக்கும். அட்டை முட்டையில் எதுவும் கிடையாது. ஆனால் பெட்டியில் இருப்பது பேக் செய்த தேதி. கோழி இட்ட தேதி அதுவாகத்தான் இருக்கும் என்று இல்லை.

அட்டை முட்டை வாங்குபவர்களுக்கு வழி, ஓட்டம் உள்ள கடையைப் பிடிப்பதுதான். ஆவடி மார்க்கெட் மாதிரி தினமும் லோடு இறங்கும் இடத்தில் முட்டை தேங்கி நிற்காது. தெருவில் மூன்று கடை இருந்தால், காலையில் டிபன் கடைக்காரர்கள் எங்கே அட்டை அட்டையாகத் தூக்குகிறார்களோ அங்கே வாங்கலாம். எடையையும் பாருங்கள். அக்மார்க் கணக்குப்படி 45 முதல் 52 கிராம் வரை 'மீடியம்', 53 முதல் 59 வரை 'லார்ஜ்'. ஒரு ரூபாய் குறைவு என்று 42 கிராம் முட்டை வாங்கினால் லாபம் ஒன்றும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் சந்தேகம் இருந்தால் ஒரு கிண்ணம் தண்ணீரில் போடுங்கள். படுத்துக்கொண்டால் புதுசு. நிமிர்ந்து நின்றால் கொஞ்சம் பழசு, நன்றாக வேகவைத்துச் சாப்பிடலாம். மிதந்தால் தூக்கிப் போட்டுவிடலாம். சோதித்ததை அன்றே சமைத்துவிடுவது நல்லது. மற்றதைக் கழுவாமல் ஃபிரிட்ஜில் வைக்கலாம், ஆனால் கதவில் வேண்டாம். திறக்கத் திறக்கச் சூடு படும் இடம் அது.

பிரீமியம் என்றால் ஆஃபாயில் பயமில்லாமல் சாப்பிடலாமா?

கூடாது. சால்மோனெல்லா கிருமிக்குப் பெட்டி முட்டை, அட்டை முட்டை என்ற பேதம் கிடையாது. மேய்ச்சலில் வளர்ந்த கோழிக்கும் வரும். பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்குத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை போட்டதற்குக் காரணமும் இந்தக் கிருமிப் பயம்தான். கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள், வயதானவர்கள், சர்க்கரை நோயாளிகள் எந்த விலை முட்டையாக இருந்தாலும் மஞ்சள் கரு கெட்டியாகும் வரை வேகவைத்துத்தான் சாப்பிட வேண்டும்.

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி சத்துணவில் 2010-ல் இருந்து பள்ளி நாட்களில் வாரத்துக்கு ஐந்து முட்டை கொடுக்கிறார்கள். வேகவைத்த சாதா முட்டைதான். பட்டாபிராமிலோ திருமுல்லைவாயலிலோ படிக்கும் பிள்ளைக்கு மதியம் பள்ளியில் அந்த முட்டை கிடைக்கிறது என்றால், வீட்டில் பெட்டி முட்டைக்கு ஒதுக்கிய காசில் ராத்திரி அம்மாவின் தட்டிலும் ஒரு ஆம்லெட் வைக்கலாம்.